செம்பு வில்லையில் யார் பேர்?

தனியார் அடித்த டோக்கனை அரசு நாணயத்திலிருந்து பிரித்துக் காட்டுவது உலோகமல்ல, அதன் பின்னால் நிற்கும் வாக்கு. இங்கிலாந்தில் 1648 முதல் 1672 வரை செப்புச் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. மதுக்கடைக்காரர்களும் மளிகைக்காரர்களும் ஃபார்த்திங் (கால் பென்னி), அரைப்பென்னி டோக்கன்களைத் தாங்களே அடித்து மீதிச் சில்லறையாகக் கொடுத்தார்கள். பல டோக்கன்களில் கடைச் சின்னத்தோடு மூன்று எழுத்துகள் இருக்கும்: மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே கணவன் பெயரின் முதலெழுத்து, பக்கத்திலேயே மனைவி பெயரின் முதலெழுத்து. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது போன்ற வேலைதான். ஆனால் இந்தப் பேர் வீட்டோடு நிற்காமல் தெருவெல்லாம் கைமாறியது. விதவைகள் தங்கள் பேரிலேயே அடித்த டோக்கன்களும் உண்டு. கடை நடத்தியதில் பெண்ணின் பங்குக்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை.

அதே போன்ற வில்லை கூலியாகக் கைக்கு வந்தது இலங்கையில். கொழும்புக் காப்பி மில்களில் கொட்டை பொறுக்கிய பெண்களுக்கு வேலைக்கு அடையாளமாக டோக்கன் கொடுத்து, பிறகு காசாக மாற்றித் தந்தார்கள். ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் டோக்கன் 1843ஆம் ஆண்டைத் தாங்கியது. அதில் கம்பெனி பேர் உண்டு, பொறுக்கியவள் பேர் கிடையாது. சில்லறை இல்லாத காலத்தில் முதலாளி வேறென்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டோக்கன் ஏன் பிறந்தது என்பதற்குத்தான் தட்டுப்பாடு விடை. சுமை யார் தலையில் விழுந்தது என்பதற்கு அல்ல. வில்லை காசாகும் வரை கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தவள் அந்தப் பெண். மதுக்கடை டோக்கன் பிடிக்காதவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். கூலிக்காரிக்கு அந்த வழி இல்லை. கடைசியில் காசு வந்துவிட்டதே என்பதும் போதாது. வந்துவிடும் என்பதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்றுதான், கூலியைச் செல்லுபடியாகும் நாணயமாகவோ நோட்டாகவோ தரவேண்டும் என்று இந்தியாவில் 1936இன் ஊதியம் வழங்கல் சட்டம் எழுதி வைத்தது.

காப்பிக் கூலியின் கதை நம் பழனிமலையிலும் உண்டு. அந்த மலையின் பழங்காலக் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேடு, நியூட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய நூல் 1928இல் வந்தது. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டங்களின் கூலிக் கணக்குக்கும் சேரவேண்டும். பழைய தோட்டத்தில் இப்படியொரு வில்லை அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். எடைக்கும் போடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்துக் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.