மெட்ராஸைக் கலைத்தால் 'டிராமாஸ்'... சென்னையைக் கலைத்தால்? எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் ஆங்கில வார்த்தைகளைப் பிடிப்பது எப்படி?

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பழக்கம். நான்கைந்து ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, 'ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி அர்த்தமுள்ள வார்த்தைகள் எத்தனை உருவாக்கலாம்?' என்று கேட்பார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு தி.நகர் கோச்சிங் சென்டரில் வந்து உட்காரும் பலருக்கு, 'நமக்குத்தான் இங்கிலீஷ் வராதே' என்று பேனா நின்றுபோகும் இடம் இதுதான். ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு சுமார் 34 விநாடிதான். தப்பாகப் போட்டால் கால் மதிப்பெண் கையை விட்டுப் போகும்.

ஆனால், இந்தக் கேள்விகளில் கேட்கப்படுபவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். வரிசை மாறி நிற்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ் என்ற ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் நாடகங்கள் என்று பொருள்படும் 'டிராமாஸ்' கிடைக்கும். ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. 1996-ல் பெயர் மாறி சென்னை ஆனது. இதிலும் ஒரு முழு வார்த்தை இருக்கிறது. எழுத்துகள்: சி, ஹெச், இ, என், என், ஏ, ஐ. கண்டுபிடிக்க முடிகிறதா?

இந்த 7 எழுத்துகளை 2,520 விதமாக அடுக்கலாம். ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது நடக்காத காரியம். அதற்குப் பதிலாக, ஆங்கிலத்தில் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 'இ, என்' சேர்ந்தால் 'என்' என்ற முன்னொட்டு. அதைத் தனியே வைத்தால் மிஞ்சுவது சி, ஹெச், ஏ, ஐ, என். அதாவது 'செயின்'! முன்னொட்டைச் சேர்த்தால் 'என்செயின்'. சங்கிலியால் பிணைப்பது என்று பொருள். இந்த ஊரை விட்டுப் போக மனசு வராதவர்கள் சந்தோஷப்படலாம்.

மயிலாப்பூருக்குள் ஒரு பிளேயர்

எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தச் சொல்வது ஒரு வகை. கொடுத்த எழுத்துகளில் சிலவற்றை மட்டும் எடுத்து வார்த்தை அமைப்பது இன்னொரு வகை. ஸ்கிராபிள் விளையாட்டில் கையில் இருக்கும் 7 கட்டைகளை வைத்துச் செய்வது இதைத்தான்.

மயிலாப்பூரின் ஆங்கில எழுத்துகள்: எம், ஒய், எல், ஏ, பி, ஓ, ஆர், இ. இதிலிருந்து 'இ, ஆர்' என்ற பின்னொட்டை ஓரமாக வையுங்கள். மீதியில் 'பிளே' தெரியும். சேர்த்தால் 'பிளேயர்'. அதே இரண்டு எழுத்துகளைத் திருப்பி முன்னால் போட்டால் 'ரீபிளே'. 'எல், ஒய்' என்று முடியும்படி அடுக்கினால் முத்துப் போன்ற என்ற பொருளில் 'பியர்லி'. இதோடு மேயர், ராயல், ஓபரா, எம்ப்ளாய், பாலிமர் எல்லாம் அந்த எட்டு எழுத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கம்ப்யூட்டர் வேறு வழியில் போகும். அகராதியிலுள்ள ஒவ்வொரு வார்த்தையின் எழுத்துகளையும் முதலிலேயே அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். அப்படி அடுக்கினால் 'மெட்ராஸ்', 'டிராமாஸ்' இரண்டுமே ஏ, ஏ, டி, எம், ஆர், எஸ் என்று ஒரே மாதிரி ஆகிவிடும். ஆக, ஒன்றைத் தேடினால் மற்றொன்றும் வந்து நிற்கும். மயிலாப்பூரின் எட்டு எழுத்துகளை முழுதாக அடுக்க 40,320 வழிகள் உண்டு. ஆனால், வரிசையைக் கணக்கில் எடுக்காமல் எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்தால், இரண்டும் அதற்கு மேலும் எழுத்துகள் கொண்ட கூட்டங்கள் வெறும் 247தான். தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கையும் 247 என்பது தற்செயல். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தமிழ் வழி மாணவர்கள் தடுமாறுவது ஏன்?

தமிழில் உயிர் மெய்யோடு ஒட்டியே வரும். 'லை' என்பது நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. அதை இரண்டாக உடைத்து வேறு இடத்தில் வைக்கப் பழகுவதில்லை. எழுத்து விளையாட்டு நமக்குப் புதிது என்று அர்த்தமில்லை. மயிலையில் பூம்பாவைப் பதிகம் பாடிய திருஞானசம்பந்தர், திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பதிகமும் பாடியிருக்கிறார். ஆங்கிலத்தில் உயிரெழுத்து தனியாகத் திரியும் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையாக எழுதினால் கண் அந்த வரிசையையே திரும்பத் திரும்பப் படிக்கும். குறுக்கெழுத்துப் போடுபவர்கள் ஓரத்தில் வட்டம் வட்டமாகக் கிறுக்குவது இதற்காகத்தான். சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' குறுக்கெழுத்தை ஆரம்ப காலத்தில் அமைத்தவர், செங்கல்பட்டில் பிறந்து 1958-ல் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான ஆர்.டி.கட்டாரி.

மொழியே தெரியாமலும் இதில் ஜெயித்தவர் உண்டு. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே அகராதியை மனப்பாடம் செய்து 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார்.

தேர்வில் எங்கே நிறுத்துவது?

ஏ, இ, எல், பி என்று நான்கு எழுத்துகள் வந்தால், ஒவ்வொன்றையும் முதல் எழுத்தாக வைத்துப் பாருங்கள். பி-யில் பேல், ப்ளீ, பீல். எல்-லில் லீப். விடைகளில் கடைசியாக 'மூன்றுக்கு மேல்' என்று இருந்தால், நான்காவது வார்த்தை கிடைத்தவுடன் நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஐந்தாவதைத் தேடினால் மார்க் கூடாது, நேரம்தான் போகும். நான்கு எழுத்திலும் ஆரம்பித்துப் பார்த்தும் ஒன்றும் சிக்காவிட்டால், குத்துமதிப்பாக விடை போடாமல் விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்குப் பஸ் போர்டே போதும். தி.நகரின் ஆறு எழுத்துகளுக்குள் நிதியுதவியைக் குறிக்கும் ஐந்தெழுத்து 'கிராண்ட்' இருக்கிறது. அடையாற்றில் 'யார்ட்' கிடைக்கும், ஒரு ஏ மட்டும் மிச்சம்.