பூட்டில்லாத கதவு

மார்ச் மாதத்து மாலைப் பொழுது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்பனி. மரம் இல்லை, மனை இல்லை, மனித நடமாட்டம் இல்லை. காலில் பனிச்சறுக்குக் கட்டைகளும் முதுகில் சுமையுமாக ஒருவர் தனியே வந்துகொண்டிருக்கிறார். காலையில் தெளிந்திருந்த வானம் நண்பகலுக்குப் பின் இருண்டுவிட்டது. காற்று பனித்தூளை வாரி முகத்தில் அறைகிறது. விரல்கள் மரத்துவிட்டன. அப்போது சரிவின் அடியில் கருத்த மரச்சுவர் ஒன்று தென்படுகிறது. தட்டுத் தடுமாறிச் சென்று கதவைத் தள்ளுகிறார். திறந்துகொள்கிறது!

உள்ளே எவருமில்லை. ஆனால் அடுப்பருகே பிளந்த விறகு அடுக்கப்பட்டிருக்கிறது. அதன்மீது தீ மூட்டுவதற்கென்றே சீவி வைத்த மெல்லிய சிராய்கள் இருக்கின்றன. ஒரு தீக்குச்சியைக் கிழிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த விறகைப் பிளந்து வைத்தவர் யார்? இவருக்குத் தெரியாது. யாருக்காகப் பிளக்கிறோம் என்பது அவருக்கும் தெரியாது. பின்லாந்து நாட்டின் வடபகுதியாகிய லாப்லாந்தில், இக்காட்சி கற்பனைக் கதையன்று, பனிக்காலந்தோறும் நிகழ்வது.

ஆளில்லா இல்லம்

வடதுருவ வட்டத்திற்கும் அப்பால், உருண்ட முகடுகளும் மரமற்ற உச்சிகளும் கொண்ட மலைகள் தொடர்தொடராகக் கிடக்கின்றன. இவற்றை அந்நாட்டார் ‘டுன்டுரி’ என்கின்றனர். உயரத்தில் இவை பெரியவை அல்ல. பல்லாஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமாகிய டைவாஸ்கெரோவே 809 மீட்டர்தான். ஆயினும் இவற்றை எளிதாக எண்ணிவிடக் கூடாது. தடுக்க மரமில்லாததால் காற்று தங்குதடையின்றி வீசும். வெப்பநிலை மைனஸ் 15 டிகிரியாக இருக்கையில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த மேனிக்கு அது மைனஸ் 27 டிகிரிக் குளிராகவே உறைக்கும்.

இத்தகைய இடங்களில் கலைமான் மேய்ப்பவர்களும், வேட்டைக்காரரும், நெடுவழிப் பயணிகளும் ஒதுங்குவதற்கென எழுந்தவையே வனாந்தரக் குடில்கள். பின்னிய மொழியில் இவற்றுக்கு ‘அவுட்டியோடுபா’ என்று பெயர். ஆளில்லா இல்லம் என்பது அதன் பொருள். காவலர் இல்லை, வாடகை இல்லை, பூட்டும் இல்லை. இன்று இவற்றில் பெரும்பாலானவற்றை, அரசு நிலங்களையும் காடுகளையும் பராமரிக்கும் ‘மெட்சாஹல்லிட்டுஸ்’ என்னும் அரசு நிறுவனம் பேணி வருகிறது.

உள்ளே ஆடம்பரம் எதுவும் இராது. ஓர் இரும்படுப்பு, ஒரு மேசை, சுவரோரம் பலர் வரிசையாகப் படுத்துறங்கும் பலகை மேடை ஆகியவை இருக்கும். பல குடில்களில் எரிவாயு அடுப்பும் உண்டு. வெளியே விறகுக் கொட்டில், கோடரி, இரம்பம், சற்றுத் தள்ளிக் கழிப்பறை. தண்ணீருக்கு அருகிலுள்ள ஓடையோ ஏரியோதான். அது உறைந்திருந்தால் பனிக்கட்டியில் துளையிட வேண்டும், அல்லது பனியை உருக்க வேண்டும். மெத்தையும் போர்வையும் பயணியே சுமந்து வரவேண்டியவை.

ஹெட்டா என்னும் சிற்றூரிலிருந்து பல்லாஸ் வரை செல்லும் 55 கிலோமீட்டர் மலைப்பாதை இக்குடில்களுக்குப் பேர்போனது. 1934-ல் அடையாளமிடப்பட்ட பழம்பெரும் பாதை இது. கோடையில் தொடக்கத்திலுள்ள ஏரியைப் படகில் கடப்பர். பனிக்காலத்திலோ உறைந்த ஏரியின்மீதே சறுக்கிச் செல்வர். மூன்று நான்கு நாள் நடையில் பியூஹகெரோ, சியோஸ்குரு, மொன்டெல்லி, நம்மலகுரு எனக் குடில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய பாதிவழியிலுள்ள ஹன்னுகுருவில் நீராவிக் குளியலறைகூட உண்டு.

கடைசியில் வருபவருக்கே முதலுரிமை

வாசகர்களே! பேருந்தாகட்டும், விடுதியாகட்டும், முந்தி வந்தவருக்கே இடம் என்பதுதான் நாம் அறிந்த உலக வழக்கம். இக்குடில்களில் அந்த வழக்கம் தலைகீழாக நிற்கிறது. இங்கே கடைசியாக வந்து சேர்பவருக்கே தங்கும் உரிமை அதிகம்!

சற்றே சிந்தித்தால் இதன் நியாயம் விளங்கும். முன்னரே வந்தவர் உண்டிருப்பார், ஈர உடைகளை உலர்த்தியிருப்பார், களைப்பாறியிருப்பார். பின்னால் வருபவரோ நனைந்து, நடுங்கி, உயிர் களைத்து வருகிறார். இருவரில் எவருக்குக் கூரை அவசரத் தேவை? ஆகவே இடமில்லையெனில், முதலில் வந்தவர் நெருங்கி அமர்ந்து இடம் தரவேண்டும். இளைப்பாறி முடித்தவர் எழுந்து கூடாரத்திற்கோ அடுத்த குடிலுக்கோ செல்ல ஆயத்தமாக வேண்டும். ஒரு குடிலில் ஓரிரு இரவுகளுக்கு மேல் தங்குவதும் முறையன்று. பெருங்கூட்டமாக வருவோரும், கட்டணம் பெற்று ஆட்களை அழைத்து வருவோரும் இவற்றை நம்பி வருதல் கூடாது. அவர்களுக்கெனக் கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்யும் பூட்டிய குடில்கள் தனியே உள்ளன.

அடுப்பும் விறகும்

பனிக்காலத்தில் விறகை இயந்திரச் சறுக்கு வண்டிகளில் ஏற்றி இத்தனை தொலைவு கொண்டுவந்து சேர்க்கின்றனர். ஆதலால் ஒவ்வொரு கட்டையும் விலைமதிப்புடையது. இரவெல்லாம் கதவைத் திறந்து வைக்குமளவு அடுப்பைக் கனலவிடுவது, பின்னால் வருபவரின் பங்கை எரிப்பதற்கு ஒப்பாகும்.

அடுப்பில் வேறோர் ஆபத்தும் உண்டு. சூடு வெளியேறாதிருக்கப் புகைபோக்கியின் அடைப்புத் தகட்டைச் சாத்துவார்கள். தணல் முற்றிலும் அவியுமுன் சாத்திவிட்டால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு அறையில் நிறைந்து, உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும். அடுப்புக்கு மிக நெருக்கமாகத் துணிகளைக் காயப்போடுவதும் பெருந்தீயில் முடியலாம்.

புறப்படும்போது செய்ய வேண்டியவை இவை: தரையைப் பெருக்குதல், குப்பைகளைத் தம்முடனேயே எடுத்துச் செல்லுதல், பாத்திரங்களில் நீர் உறையாதபடி கவிழ்த்து வைத்தல், எரிவாயுவை அடைத்தல், பனி உள்ளே புகாதவாறு கதவை இறுகச் சாத்துதல். எல்லாவற்றுக்கும் மேலாக, உலர்ந்த விறகும் சிராய்களும் அடுப்பருகே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அடுத்து வருபவரின் விரல்கள் கோடரியைப் பிடிக்கும் நிலையில் இல்லாமல் போகலாம் அல்லவா?

உயிர் காக்கும் ஏடு

ஒவ்வொரு குடிலிலும் ஓர் ஏடு வைக்கப்பட்டுள்ளது. பெயர், வந்த நாள், எங்கிருந்து வந்தோம், இனி எங்கே செல்கிறோம் என்பனவற்றை அதில் எழுதவேண்டும். பொழுதுபோக்கிற்கான பதிவு இதுவென்று எண்ணிவிட வேண்டாம். ஒருவர் குறித்த நாளில் வீடு திரும்பாவிடில், தேடிச் செல்லும் மீட்புக் குழுவினர் அவர் எந்தக் குடில்வரை வந்தார், எத்திசையில் சென்றார் என்பதை இவ்வேட்டைக் கொண்டே அறிவர். கைத்தொலைபேசி பல இடங்களில் எட்டாத அம்மலைகளில் இந்த ஒரு வரி ஓர் உயிரின் விலையாகலாம்.

இத்தனை கவனமும் எதற்கு என்று கேட்போருக்கு, அண்டை நாடான ஸ்வீடனில் நிகழ்ந்த ஒரு துயரமே விடை. 1978 பிப்ரவரியில் அங்குள்ள அனாரிஸ் மலைப்பகுதியில் பனிச்சறுக்கில் சென்ற ஒன்பது பேர் கடும் புயலில் சிக்கினர். கூரையேதும் எட்டாத நிலையில் பனியைத் தோண்டிப் பதுங்க முயன்றனர். எட்டுப் பேர் குளிரில் மாண்டனர், ஒருவரே பிழைத்தார். உரிய நேரத்தில் திரும்பிவிடுங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்பது நார்வே நாட்டு மலைப்பயண விதிகளுள் ஒன்றாக இருப்பதில் வியப்பென்ன?

அந்த நார்வேயில் 1868-ல் தோன்றிய மலைப்பயணச் சங்கம் 550-க்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. அவற்றுள் பலவற்றில் ஆளில்லாமலே உணவுப் பொருள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எடுத்துக்கொண்டதைப் பயணியே கணக்கெழுதிப் பணம் செலுத்த வேண்டும். பார்ப்பதற்கு எவருமில்லை, அவரவர் மனச்சாட்சியே கணக்கர்.

நம்பிக்கையே கூரை

குறைகளே இல்லையென்று கூறிவிட முடியாது. குப்பையை விட்டுச் செல்வோரும், விறகை வீணடிப்போரும், முந்தி வந்தோம் என்று இடத்தை அடைத்துக்கொள்வோரும் அங்கும் உள்ளனர். ஒருவர் செய்யும் அத்தவற்றின் விளைவை, அவர் ஒருபோதும் காணப்போகாத மற்றொருவர் புயலிரவில் அனுபவிக்கிறார்.

ஆயினும் அக்கதவுகள் இன்றும் பூட்டப்படவில்லை. காரணம், அங்கே தங்கிச் செல்வோரில் மிகப் பலர், குடிலைத் தம் உடைமையாகவும் கருதுவதில்லை, பிறர் உடைமையென அலட்சியமும் செய்வதில்லை. அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டிய அமானிதமாகப் பேணுகின்றனர். நேற்று முகமறியாத ஒருவர் பிளந்த விறகில் இவர் குளிர் காய்ந்தார். அவருக்கு நன்றி சொல்ல வழியில்லை. அந்தக் கடனை அடைக்கும் ஒரே வழி, கோடரியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குச் செல்வதுதான்.

நாளை மாலை மீண்டும் பனிக்காற்று வீசும். யாரோ ஒருவர் மரத்த கையால் அந்தக் கதவைத் தள்ளுவார். அடுப்பருகே விறகு இருக்கும்.