கொம்பு முதலில் வரட்டும்

'கொக்கு' என்று ஒரு பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து 'க', பிறகு துணைக்கால். அதே பிள்ளையைத் தமிழ்99 விசைப்பலகை முன்னால் உட்காரவையுங்கள். முதலில் 'க', பிறகு 'ஒ'. கொம்பும் காலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். நம்மைப் போலத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கோ அந்தக் கொம்பைச் சுழிப்பதுதானே பாடம்?

வகுப்பறைக்குக் கணினி வேண்டுமா என்று விவாதிக்கும் காலம் போய்விட்டது. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி 2011இலேயே மாணவர் கைக்கு வந்தது. இப்போது டேப்லெட்டின் காலம். நான் கேட்பது ஒன்றுதான்: அதோடு திரையில் எழுதப் பேனாவும் வருகிறதா?

நார்வேயில் ஆய்வாளர் ஆட்ரி வான் டெர் மீர் குழுவினர் 36 பல்கலைக்கழக மாணவர்களின் தலையில் 256 மின்முனைகளைப் பொருத்தி ஆராய்ந்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். விசையைத் தட்டும்போது இருந்ததைவிட, கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு மிகப் பரவலாக இருந்தது. அவர்கள் எழுதியது காகிதத்தில் அல்ல, தொடுதிரையில், டிஜிட்டல் பேனாவால்! அளந்தது மூளையின் இயக்கத்தைத்தான், மதிப்பெண்ணை அல்ல. ஆனாலும் திரை வந்தால் கையெழுத்து போய்விடும் என்று அஞ்சுவோருக்கு இது நல்ல செய்தி.

கணக்குப் பாடத்தில் பேனாவின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 1/2, 1/3 இரண்டையும் கூட்டி 2/5 என்கிறது ஒரு பிள்ளை. விடையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் செயலி 'தவறு' என்று சிவப்பைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். பேனாவால் எழுதியிருந்தால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியது ஆசிரியர் கண்ணில் படும். பெயர் சொல்லாமல் அந்தப் பக்கத்தை ஸ்மார்ட் போர்டில் காட்டி, "பாதி தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகுமா?" என்று வகுப்பையே கேட்கலாம். 2/5 பாதியைவிடச் சிறியது என்பது அப்போதுதான் உறைக்கும்.

மலிவான டேப்லெட்டில் ஒரு தொல்லை உண்டு. உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். பிள்ளை கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டே எழுதும், எழுத்து நடுங்கும். ரப்பர் முனை வைத்த குச்சியைக் கொடுத்தாலும் இந்தத் தொல்லை தீராது.

பள்ளிக்கு வாங்கித் தரும் அதிகாரிகளே, நன்கொடையாளர்களே! வாங்குவதற்கு முன் ஒரு குழந்தையை அழைத்து, கையைத் திரைமேல் ஊன்றி 'கொக்கு' என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். கோடு கண்டபடி விழுந்தால், தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.