நேர்த்திக்கடன் நிறைவுறும் இடம்

தைப்பூசத்திற்கு முந்திய நாளில் பினாங்கு மாநகரமே விழாக்கோலம் பூணுகிறது. ஜார்ஜ்டவுனில் உள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதத்தில் புறப்படும் தண்டாயுதபாணிப் பெருமான், தண்ணீர்மலை நோக்கி எழுந்தருளும் திருநாள் அது. வழிநெடுகச் சாலையோரங்களில் தேங்காய்கள் குன்றுகளாகக் குவிந்திருக்கும். ரதம் நெருங்கும் வேளையில் தமிழர்களும் சீனப் பெருமக்களும் ஒருங்கே நின்று அவற்றைத் தரையில் எறிந்து உடைக்கின்றனர். கண்ணிமைக்கும் நேரத்தில் கரிய தார்ச்சாலை வெண்ணிறம் பெறுகிறது. காண்போர் மெய்சிலிர்க்கும் காட்சி அது.

ரதம் கடந்து சென்ற பின்னர் அச்சாலையில் எஞ்சுவது என்ன? பக்தர்கள் சற்றே நின்று சிந்திக்க வேண்டிய வினா இது.

பொறுக்குவோரும் வழிபாட்டில் பங்குடையோரே

கடினமான ஓடு ஆணவத்தையும், உள்ளிருக்கும் வெண்பருப்பு தூய உள்ளத்தையும் குறிக்கும் என்பது நம் பெரியோர் கூறும் விளக்கம். ஓடு உடைந்தால்தான் உள்ளே இருப்பது இறைவனுக்கு உரியதாகும். ஆனால், சிதறு தேங்காய் என்னும் வழக்கத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளையார் கோவில் முன்பு ஒருவர் தேங்காயை உடைத்தால், சிதறிய சில்லுகளைப் பொறுக்கச் சிறுவர்கள் ஓடி வருவார்கள். ஏழை எளியோரும் எடுத்துச் செல்வர். சற்று நேரத்தில் ஒரு சில்லும் தரையில் இராது. உடைப்பவர் ஒருவர், உண்பவர் பலர் என்று அமைந்த வழிபாடு அது. அங்கே வீண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு சில தேங்காய்களுக்கு ஏற்ற அவ்வழக்கம், ஒரே சாலையில் மலைமலையாய் உடைக்கப்படும்போது தன் பாதியை இழந்துவிடுகிறது. உடைப்போர் பெருகினர், பொறுக்குவோர் இல்லை. வெயிலில் கிடந்து, மண்ணும் எண்ணெய்ப்பசையும் கலந்து, காலடியில் மிதிபட்ட பருப்பை எவரும் உண்ண இயலாது. இறுதியில் துப்புரவுப் பணியாளர்களே அதனை வாரி அள்ளுகின்றனர். நாம் இறைவனுக்கு அளித்த காணிக்கை, அவர்கள் கையில் குப்பையாகிவிடுகிறது.

குப்பைமேட்டில் நிகழ்வது

பினாங்குத் தீவின் குப்பை, கடல் கடந்து பெருநிலத்தில் நிபோங் திபாலை அடுத்த புலாவ் பூரோங் நிலத்திற்குச் சென்று சேர்கிறது. 2022 ஜனவரியில் அங்கே தீப்பற்றிப் பல நாள் புகைந்ததையும், சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறி அவதியுற்றதையும் நாடே அறியும். காற்றுப் புகாமல் புதையுண்ட உணவுக் கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலிமை கொண்டது.

ஒருவர் உண்பதற்கும் உடுப்பதற்கும் கழிப்பதற்கும் எவ்வளவு நிலமும் நீரும் தேவைப்படுகின்றன என்று கணக்கிடும் முறையை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகல் ஆகிய இருவரும் 1990களில் வகுத்தனர். அதற்குச் சூழலியல் காலடித்தடம் என்று பெயர். வெறுங்காலுடன் மலையேறும் அடியாரின் பாதம் மண்ணில் பதிக்கும் தடம் மிகச் சிறியது. அவர் உடைக்கும் தேங்காயின் தடமோ பெரியது. பூவாகிக் காயாகி முற்றுவதற்கு ஒரு தேங்காய்க்கு ஏறத்தாழ 12 மாதங்கள் வேண்டும். மலேசியாவின் தேவைக்கு உள்நாட்டு விளைச்சல் போதாமையால், இந்தோனேசியாவிலிருந்தும் தேங்காய்கள் கப்பலேறி வருகின்றன. ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் உடைந்து, குப்பைமேட்டில் முடிவது முறையாகுமா?

சுற்றி வரும் செல்வம்

எடுத்ததைப் பயன்படுத்தி, எஞ்சியதை மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்றைய அறிஞர்கள் போற்றுகின்றனர். நம் ஆலயங்களுக்கு இது புதியதன்று. பசுவின் சாணம் திருநீறாகிறது. வாழையிலை அன்னம் ஏந்திய பின் மாட்டுக்குத் தீவனமாகிறது. சூடிக் களைந்த மலர் மரத்தடியில் உரமாகிறது. தென்னையோ இவை அனைத்திலும் தலைசிறந்தது. மட்டை கயிறாகும், மட்டைத்தூள் செடி வளர்க்கும், ஓடு கரியாகும், பருப்பு உலர்ந்து கொப்பரையாகி எண்ணெய் தரும். தூய விரிப்பின் மேல் உடைத்து உடனுக்குடன் சேகரித்தால், அந்த எண்ணெயே அடுத்த திருவிழாவில் சந்நிதி விளக்காய் ஒளிவிட முடியும். உண்ணத் தகாத பருப்பு உரமாகவேனும் பயன்படும். அதற்கு ஒரே நிபந்தனை, அது நெகிழிக் குவளையோடும் பையோடும் கலந்துவிடக் கூடாது என்பதே. தண்ணீர்ப் பந்தல் அமைப்போர் அன்று போல் செம்பும் குவளையும் கழுவி வழங்கினால், பாதிச் சுமை அப்போதே குறைந்துவிடும்.

பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தேங்காய்களை அளவோடு உடைக்குமாறு பலமுறை வேண்டுகோள் விடுத்துள்ளது. வேண்டுதலுக்கு அளவு வகுப்பதா என்று சிலர் மனம் வருந்துவதும் இயல்பே. நோயுற்ற பிள்ளைக்காக 108 தேங்காய் நேர்ந்துகொண்ட தாயின் கண்ணீரை எவரும் எள்ளி நகையாட இயலாது. எனினும், முருகப் பெருமான் எண்ணிக்கை பார்த்து அருள்பவன் அல்லன். ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, எஞ்சிய 107 தேங்காய்களை அன்னதானத்திற்கோ ஆதரவற்றோர் இல்லத்திற்கோ வழங்கினாலும் அந்த நேர்த்தி குறைவுபடாது. சிதறு தேங்காயைப் பொறுக்க ஓடி வந்த சிறுவர்களின் இடத்தை அவ்வில்லத்துப் பிள்ளைகள் பெறுவார்கள்.

நேர்த்திக்கடன் தேங்காய் உடையும் ஓசையோடு முடிந்துவிடுவதில்லை. உடைந்தது ஒருவர் பசியைத் தீர்க்கும்போதோ, விளக்கில் எரியும்போதோ, மண்ணில் உரமாகும்போதோதான் அது நிறைவுறுகிறது. இவ்வாண்டு தேங்காயைக் கையில் ஏந்தும் ஒவ்வோர் அடியாரும், அது எங்கே சென்று சேரும் என்பதையும் ஒரு கணம் எண்ணி வணங்குவாராக.