வீட்டுப் பட்டறை - 17: எந்தப் பக்கமும் சுற்றும் பம்ப்

2020 ஊரடங்கில், வீட்டு வேலைக்கு வருபவர்கள் வர முடியாமல் போனபோது, நம் ஊர்ச் சமையலறைகளில் நிறைய டிஷ்வாஷர்கள் குடியேறின. அவற்றுக்கெல்லாம் வாரண்டி முடிந்து, இப்போது ரிப்பேர் காலம். அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான்: அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கி நிற்கிறது, பம்ப் முனகுகிறது, தண்ணீர் வெளியேறவில்லை. வந்து பார்ப்பவர் குனிவதற்கு முன்பே, "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்பார். அதை உடனே நம்பாதீர்கள்.

உள்ளே இருப்பது இரண்டு பம்ப். பாத்திரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுவது பெரியது. அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் டிரெய்ன் பம்ப் கைக்குள் அடங்கும், சுமார் 30 வாட். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்தச் சின்னதுதான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். சிங்க்குக்கு அடியில் டிரெய்ன் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, அது சேரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே கதை முடிந்துவிடுவதும் உண்டு. இல்லையென்றால் தேங்கிய தண்ணீரை டம்ளரால் மொண்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஃபில்டரைத் திருகிக் கழற்றினால், பல மாடல்களில் அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். கரண்டிக் காம்பால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே விரலை விடுவதற்கு முன் கனமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த டம்ளரின் சில்லு அங்கேதான் காத்திருக்கும்.

விரலில் தட்டுப்படுவது இம்பெல்லர். சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாது, ஓரிடத்தில் பிடித்து, வெடுக்கென்று தாவி, மறுபடி பிடிக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் சுற்ற வேண்டும். அச்சில் இருப்பது நிரந்தரக் காந்தம்; அதைச் சுற்றியுள்ள இரும்பு அதை இழுத்துப் பிடிக்கிறது. எந்த இழுப்பும் இல்லாமல் சும்மா சுழன்றால்தான் கவலை: இம்பெல்லர் காந்தத்திலிருந்து பிய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மோட்டார் எனக்கு மிகவும் பிடித்த மலிவுச் சாமர்த்தியம். மீன் தொட்டியில் ஓடும் பம்ப்பும் இதே சாதிதான். கார்பன் பிரஷ் கிடையாது, கண்டன்சர் கிடையாது. காந்தம் தண்ணீருக்குள்ளேயே சுழல்கிறது, காயில் பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே இருக்கிறது. ஆகவே தேய்ந்து ஒழுக ஷாஃப்ட் சீலும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிடத்துக்கு 3000 சுற்று. ஆனால் வலமா இடமா என்பது அதற்கே தெரியாது. ஸ்விட்ச் விழும் கணத்தில் கரண்ட் அலை எப்படி இருந்ததோ அப்படிக் கிளம்பும். திரீ பேஸ் மோட்டாரில் பேஸ் மாறிப்போனால் தண்ணீர் சரியாக ஏறாது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். இங்கே அந்தச் சிக்கலே வராதபடி, இம்பெல்லர் இதழ்களை வளைக்காமல் நேராக வைத்துவிட்டார்கள்.

கிளம்பும்போது இந்த மோட்டாருக்கு வலு குறைவு. அதனால் காந்தத்துக்கும் இம்பெல்லருக்கும் நடுவே வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டம் விட்டிருப்பார்கள். காந்தம் முன்னும் பின்னும் ஆடி வேகம் பிடித்த பிறகே இம்பெல்லரை இழுக்கும். இந்த ஆட்டத்தைப் பார்த்து, உடைந்துவிட்டது என்று நல்ல பம்ப்பைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

கிளம்பும் வலு குறைவு என்பதால், சிக்குவது சின்னதாக இருந்தாலே போதும். எலுமிச்சை விதை, பல் குத்தும் குச்சி, முருங்கைக்காய் நார், ஊறுகாய் பாட்டிலிலிருந்து உரிந்த லேபிள் எதுவாகவும் இருக்கலாம். ஃபில்டரைக் கழுவிவிட்டுக் கடைசித் திருகு திருகாமல் விட்டால் இவையெல்லாம் நேரே இறங்கிவிடும். எடுத்துப் போட்டால் பம்ப் பிழைத்தது.

அடைப்பே இல்லை, முனகலும் இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பம்ப்பின் ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டு முனைக்கும் நடுவே அளந்தால், 230 வோல்ட் பம்ப்பில் பொதுவாக 100 முதல் 200 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பிசினில் மூடிய காயில் என்பதால் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை. புதுசு வாங்க வேண்டியதுதான். பல மாடல்களில் பூட்டை அழுத்திக் கால் சுற்று திருகினால் பழையது கழன்று வரும். அடித்தகட்டின் ஓரம் கத்தி மாதிரி அறுக்கும், கவனம்.

பெரிய பம்ப் விஷயம் வேறு. பழைய மாடலில் அது முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், சீலிங் ஃபேனைப் போலக் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். புதியவற்றில் ஹீட்டரும் மோட்டாரும் ஒரே கட்டு. எலெக்ட்ரானிக் போர்டு வேறு. அதில் கை வைக்காதீர்கள் என்பேன்.

டிரெய்ன் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்? அதற்கும் பம்ப்பைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலான மாடல்களில் அடித்தட்டில் ஒரு தெர்மாகோல் மிதவை உண்டு. எங்கேயோ ஒழுகித் தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பி ஸ்விட்சைத் தட்டும். வெள்ளத்தைத் தடுக்க பம்ப் ஓடும். தட்டைத் துடைத்துக் காயவைத்தால் மெஷின் அடங்கும், ஒழுகல் அடங்காது. ஹோஸ் கிளாம்ப், கதவு ரப்பர், பெரிய பம்ப்பின் சீல் என்ற வரிசையில் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

(அடுத்த வாரம்: கிரைண்டர் பெல்ட்)