தெரியாத வினாவும் ஆசிரியர் கடமையும்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை 6 வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் முதல் இரண்டு, அறிவினாவும் அறியாவினாவும் ஆகும். விடையைத் தான் அறிந்திருந்தும் பிறன் அறிவானோ என்று பார்க்கக் கேட்பது அறிவினா. அறியாததை அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியாவினா. வகுப்பறையில் ஆசிரியர் கேட்பவை பெரும்பாலும் முதல் வகை. மாணவர் கேட்பவை இரண்டாம் வகை. இம்முறையில் பாடம் ஒழுங்காக நடந்து வருகிறது. ஆனால், ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து கேட்ட வினாவுக்கு ஆசிரியருக்கும் விடை தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது என்ன நிகழ்கிறது? என்ன நிகழ வேண்டும்? இவ்விரண்டையும் ஆராய்வது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன் தரும்.

விடை தெரியாத ஆசிரியர் பொதுவாக மூன்று வழிகளுள் ஒன்றில் செல்வதைக் காணலாம். முதலாவது, அதட்டுதல். "இது பாடத்தில் இல்லை, உட்கார்" என்ற ஒரு சொல்லில் வினா முடிந்துவிடும். இரண்டாவது, வாய்க்கு வந்ததை விடையென்று கூறுதல். இது முன்னதினும் கொடியது. ஏனெனில் பிள்ளை அதனை உண்மையென்று நம்பி வீட்டுக்குக் கொண்டுபோகிறது. மூன்றாவது, "நீயே போய்த் தேடிப் பார்" என்று தள்ளிவிட்டு, மறுநாள் அதைப்பற்றி மறந்துவிடுதல். பார்வைக்கு இது நல்ல வழிபோல் தோன்றும். ஆயினும், எங்கே தேடுவது, யாரைக் கேட்பது என்று அறியாத பிள்ளைக்கு இதுவும் அதட்டலே.

இவ்வழிகளால் விளையும் கேட்டை உணர்த்த, உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்போது டாங்கனிக்கா எனப்பட்ட நாட்டில், எராஸ்தோ முபெம்பா என்னும் மாணவன் பள்ளியில் தன் தோழர்களுடன் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தான். பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து, ஆறவைத்த பின்னரே குளிர்ப்பெட்டியில் வைப்பது வழக்கம். பெட்டியில் இடம் போதாது. பிந்தினால் இடம் கிடைக்காது. ஆகவே முபெம்பா, சூடு ஆறாமலே தன் பாலை வைத்துவிட்டான். மற்றொரு மாணவனோ காய்ச்சாத பாலை வைத்தான். ஒன்றரை மணி நேரங் கழித்துப் பார்த்தால், சூடாக வைத்த பால் உறைந்திருந்தது, மற்றையது உறையவில்லை.

காரணம் என்னவென்று முபெம்பா பௌதிக ஆசிரியரைக் கேட்டான். அவன் குழம்பியிருக்கிறான், அப்படி நடக்கவே நடக்காது என்றார் அவர். பின்னர் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்ற முபெம்பா, அங்கும் அதே வினாவை எழுப்பினான். அது உலகத்துப் பௌதிகம் அன்று, முபெம்பாவின் பௌதிகம் என்று அவ்வாசிரியர் எள்ளினார். அதுமுதல் அவன் கணக்கில் தவறினால், அது முபெம்பாவின் கணக்கு என்று வகுப்பே நகைத்தது. ஆசிரியர் ஒருமுறை சொன்ன ஏளனச் சொல் மாணவர் வாயில் எத்தனை நாள் வாழ்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அப்பள்ளிக்கு ஒருநாள், டார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்னும் பௌதிகப் பேராசிரியர் சொற்பொழிவாற்ற வந்தார். முபெம்பா எழுந்து, ஒரே அளவான நீரில் 35 பாகை வெப்பமுள்ளதையும் 100 பாகை வெப்பமுள்ளதையும் குளிர்ப்பெட்டியில் வைத்தால், சூடானது முதலில் உறைவது ஏன் என்று வினவினான். உடனிருந்தோர் நகைத்தனர். ஆஸ்போர்ன் நகைக்கவில்லை. தமக்குக் காரணம் தெரியாது என்றார். சோதித்துப் பார்ப்பதாகக் கூறிச் சென்றார். சென்றபின் சொன்னதைச் செய்தார். அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் சோதித்துவிட்டு, சூடான நீரே முதலில் உறைந்தது என்றும், சரியான முடிவு கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பதாகவும் தெரிவித்தாராம்! படித்தவர் மனத்திலும் முன்முடிவு எவ்வளவு உறுதியாக அமர்ந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. முடிவில் 1969ஆம் ஆண்டு, மாணவனும் பேராசிரியரும் சேர்ந்து அதனைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

அவ்வினாவுக்கு முடிந்த முடிபு இன்றும் ஏற்படவில்லை. 2012இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் சங்கம் விளக்கம் கேட்டுப் போட்டி நடத்தியபோது 22,000க்கு மேற்பட்ட விடைகள் வந்தன. 2016இலோ, ஆய்வாளர் இருவர், அத்தகைய விளைவு உண்டென்பதற்கே தக்க சான்று இல்லை என்றும், வெப்பமானியை வைக்கும் உயரம் சிறிது மாறினாலும் முடிவு மாறிவிடக்கூடும் என்றும் எழுதினர். ஆகவே, ஆஸ்போர்னின் பெருமை சரியான விடையைச் சொன்னதில் இல்லை. தெரியாது என்றார், பார்ப்போம் என்றார், பார்த்தார். இம்மூன்றும் சேர்ந்ததே அவர் பெருமை. மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் வெறும் மரியாதைச் சொற்களே.

இனி, இதனை நம் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொணர்வது எப்படி? வந்த வினா எத்தகையது என்று பிரித்தறிவதே முதற்படி. பால்மரங்கள் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கக்கூடிய வினாக்களையே எடுத்துக்கொள்வோம்.

"மரம் வெட்டப் பொழுது விடியுமுன் போவது ஏன்?" என்பது ஒரு வினா. இதற்கு விடை உண்டு; நூலில் தேடினால் கிடைக்கும். இரவில் இலைவழி நீர் மிகுதியாக வெளியேறுவதில்லை. ஆதலின் பட்டையிலுள்ள பால் குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெட்டியதும் பால் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் தளர்கிறது, பாலும் குறைகிறது. ஆசிரியர் இதை அறியாவிடினும், மறுநாள் அறிந்து வந்து கூறலாம்.

"ஆலையில் பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறார்களே, எலுமிச்சைச் சாறு ஊற்றினால் உறையுமா?" என்பது மற்றொன்று. இதற்கு நூல் எதற்கு? ஒரு மங்குப் பாலும் ஓர் எலுமிச்சம்பழமும் போதும். ஆசிரியர் விடையை அறியாதிருப்பதே இங்கு நன்மை; வகுப்பு முழுவதும் அவரோடு சேர்ந்து கண்டறியும்.

"மரத்துக்குப் பால் எதற்கு?" என்பது மூன்றாவது. நாம் வெட்டி எடுப்பதற்காக அம்மரம் பால் சுரக்கவில்லை அல்லவா? காயத்தை மூடவும், பட்டையைக் கடிக்கும் பூச்சிகளைத் தடுக்கவும் பால் உதவுகிறது என்பது அறிஞர் கருத்து. எனினும் இத்தகைய வினாக்களில் ஆராய்ச்சி முற்றுப்பெறுவதில்லை. இதுவரை கண்டது இவ்வளவு, இன்னும் காணவேண்டியது உண்டு என்று பிள்ளைக்குச் சொல்வதில் தவறென்ன? உலகில் தனக்கென ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்று அப்பிள்ளை மகிழும்.

வகை தெரிந்தபின் வேண்டுவது, வாக்கைக் காத்தல். வகுப்புக்கு ஒரு வினா ஏடு வைத்து, விடை தெரியாத வினாவையும் கேட்ட பிள்ளையின் பெயரையும் நாளையும் அதில் எழுதிவைத்தல் நலம். வாரம் ஒருமுறை ஏட்டைத் திறந்து, கிடைத்த விடைகளை அப்பிள்ளைகளையே கொண்டு வகுப்புக்குச் சொல்லச் செய்யலாம். ஆசிரியர் சொல்லக் கேட்டுப் பெறுவது கால் பங்கு, உடன் பயில்வோரிடம் பழகிப் பெறுவது கால் பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் பெறுவது அரைப் பங்கு என்பது நன்னூலார் கணக்கு. வினாவை எழுப்பிய பிள்ளை விடையையும் எடுத்துரைக்குமானால், அவ்வரைப் பங்கும் அதற்கே உரியதாகும்.

தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையாதா என்று சிலர் அஞ்சுவர். இன்று வீடுதோறும் கைப்பேசி இருக்கிறது. ஆசிரியர் காலையில் புனைந்துரைத்த விடையின் பொய்ம்மை, மாலைக்குள் வெளிப்பட்டுவிடும்; மதிப்புக் குறைவது அப்பொழுதுதான். அன்றியும், கைப்பேசி சரியான விடையோடு பிழையான விடையையும் ஒருங்கே நீட்டுகிறது. எது தக்கது என்று நிறுத்துப் பார்க்கும் முறையை யார் கற்பிப்பது? தெரியாத ஒன்றை ஆசிரியர் தம் கண்முன்னே தேடி, ஒப்பிட்டு, தெளிவதைக் காணும் மாணவர்க்கே அம்முறை கைவரும்.

நன்னூலார், ஆசிரியராகத் தகாதவர்க்கு மடற்பனையை ஓர் உவமையாகக் காட்டினார். கருக்கு மட்டைகள் சூழ்ந்த அப்பனையில் எவரும் ஏற முடியாது. பழம் தானே விழுந்தால்தான் உண்டு. அதட்டி அமர்த்தும் ஆசிரியரை அண்டிக் கேட்கும் பிள்ளையின் நிலையும் அதுவே. வீட்டில் நூல்கள் இல்லாத பிள்ளைக்கு ஆசிரியரே நூல்நிலையம். ஒருமுறை கை கிழிந்த பிள்ளை மறுமுறை ஏறாது. அது கேளாமல் விட்ட வினாக்கள் எத்தனை என்பதை எந்தத் தேர்வுத்தாளும் காட்டாது. "தெரியாது, பார்ப்போம்" என்று சொல்லி, சொன்னபடி பார்க்கும் ஆசிரியரிடமோ, பிள்ளைகள் நாளையும் கேட்பார்கள்.