ஒரே அருவி, இரண்டு படம்!

தேனி மாவட்டம் கம்பம் அருகே மலையில் இருந்து கொட்டுகிறது, சுருளி அருவி. ஆடி அமாவாசை அன்று முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவும் நீராடவும் இங்கு குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். வந்தவர்கள், அருவி முன் நின்று படம் எடுத்துக் கொள்ளாமல் திரும்புவார்களா?

ஒருவர் எடுத்த படத்தில், அருவி வெள்ளைப் பட்டு விரித்தது போல் இருக்கிறது. இன்னொருவர் படத்தில், முத்து முத்தாகத் தெறிக்கிறது. அருவி ஒன்றுதான். படம் ஏன் இரண்டு விதம்?

காமிராவின் இமை

நம் கண்ணுக்கு இமை இருப்பது போல, காமிராவுக்கும் இமை உண்டு. அதன் பெயர் "ஷட்டர்". பொத்தானை அழுத்தியதும் அது திறக்கும். வெளிச்சம் உள்ளே போகும். உடனே மூடிக்கொள்ளும். அது எவ்வளவு நேரம் திறந்து இருக்கிறது என்பதுதான் "ஷட்டர் வேகம்".

காமிராவில் 1,000 என்று இருந்தால், ஒரு விநாடியை 1,000 பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு நேரம் என்று பொருள்!

அருவி நீர் விநாடிக்கு 30 அடி வேகத்தில் விழுவதாக வைத்துக் கொள்வோம். அந்த ஒரு பங்கு நேரத்தில், நீர் அரை அங்குலம் கூட நகராது. ஆகவே, துளி துளியாகத் தெரியும். இமை ஒரு விநாடி திறந்து இருந்தால், நீர் 30 அடி ஓடிவிடும். அந்த ஓட்டம் முழுவதும் படத்தில் பதியும். அதுதான் பட்டுத் துணி!

மறைந்த மனிதர்கள்

1838-ம் ஆண்டு, பாரீஸ் நகரத் தெரு ஒன்றை தாகேர் என்பவர் படம் பிடித்தார். பல நிமிடங்கள் வெளிச்சம் விழ வேண்டி இருந்தது. தெருவில் போனவர்கள், வண்டிகள் எதுவுமே பதியவில்லை. காலணிக்கு மெருகு போட, அசையாமல் நின்ற ஒருவர் பதிந்தார்!

எது வேண்டும்?

அருவி மட்டும் பட்டுப் போல் வேண்டுமா? காமிராவை ஸ்டாண்டில் வைத்து, இமையை மெதுவாக மூட விடலாம். கையில் பிடித்தால் கை நடுங்கி, பாறை கூட மங்கிவிடும்.

வீட்டார் முகம் வேண்டுமா? இமை வேகமாக மூட வேண்டும். நிற்பவர்களுக்கு 250 போதும். ஓடும் குழந்தைக்கு 500 வேண்டும். ஆனால், வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். மர நிழலைவிட வெயிலில் நிற்பது நல்லது.

அருவி அடுத்த ஆண்டும் விழும். அதை அப்போதும் எடுக்கலாம். நனைந்த தலையோடு இன்று சிரித்த பாட்டியின் முகம்? அது மங்கிப் போனால், மீண்டும் கிடைக்குமா!